உடையார்பாளையத்தில் வீடு சூடேற்றல்: ஓர் ஆய்வு முன்னுரை

ராக்கெட் அடுப்பால் வீட்டைச் சூடேற்றுவது குறித்து உலகெங்கும் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, உடையார்பாளையத்தார் இதுகாறும் ஒரு வரியும் எழுதாதது தமிழாய்வுக்குப் பெருங்குறை. அதைத் தீர்க்கவே இக்கட்டுரை.

முதற்கண் ஆய்வுச் சிக்கல். சித்திரையில் இவ்வூர் மொட்டைமாடி பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் வீட்டுக்குள் கக்குகிறது. விறகுச் செலவில்லை, புகையில்லை, அணைக்கத்தான் வழியில்லை. எஞ்சுவது மார்கழி விடியலும் குளிக்கப் போகிறவர் முதுகும். ஆகவே ‘வீடு’ என்பதை ‘வெந்நீர்த் தவலை’ எனச் சுருக்கிக்கொள்கிறோம். ஆய்வேடுகளில் இதற்கு எல்லை வரையறை என்று பெயர். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

1953இல் ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு புகையில்லாச் சமையலறை பற்றி நூலே எழுதினார். 1980களில் அமெரிக்காவின் ஓரிகனில் லாரி வினியார்ஸ்கி ராக்கெட் அடுப்புக்கு இலக்கணம் வகுத்தார். 2006 தேர்தலில் தமிழகத்துக்கு இலவச எரிவாயு அடுப்பு வாக்குறுதி வந்தது. ஆனாலும் கொல்லை அடுப்பு அணையவில்லை. சிலிண்டரில் வெந்நீர் போட யாருக்கு மனம் வரும்?

இனி அமைப்பு. அடுப்பின் உள்வழி ‘ட’ எழுத்தைப் போன்றது: கிடைவாயில் விறகு நுழையும், நிமிர்குழாயில் தீ ஏறும். விறகுக்கு அடியில் தகடு வைத்து, அதன் கீழே காற்றுக்கு வழிவிட வேண்டும். நிமிர்குழாயின் உயரம் அகலத்தைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு இருந்தால் இழுப்பு நன்று. குழாயைச் சுற்றிச் சாம்பல் அடைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். அந்தக் கொதிப்பில் புகையும் எரிந்துபோகும்.

இங்கே செங்கல் கட்சியார் குறுக்கிடுவர்: சுவர் கனத்தால் சூடு தங்குமாம். தங்கும், சுவரில். குளிர்ந்த கனச்செங்கல் முதல் சூட்டையெல்லாம் தானே விழுங்கிவிடும். தவலை வேடிக்கை பார்க்கும். தகர டின் கட்சியாருக்கோ வேறு தண்டனை: தீ பட்டுப் பட்டுக் குழாய் விரைவில் அரித்துப்போகும். சாம்பல் சூழ்ந்த சுடுமண் குழாயே எம் முடிபு. தவலையைச் சுற்றித் தகர வளையம் இட்டு, நடுவே விரலளவுச் சந்து விட்டால் தீ அதன் இடுப்பையும் தடவிப் போகும்.

நுண்சரிசெய்தல் பற்றி மூத்த உரையாசிரியையான பாட்டியின் கூற்று இது: “வாய அடைக்காதடா, ரெண்டு குச்சிய வச்சு நுனிய எரியவுடு.” வினியார்ஸ்கியின் கோட்பாடும் இதுவேதான். அவருக்குப் படம் போட வேண்டியிருந்தது. பாட்டிக்குக் கரண்டிக்காம்பு போதுமாயிருந்தது. முன்வாயில் புகை வந்தால் பேரனைக் கவனிக்க: விறகைத் திணித்துவிட்டுக் கைப்பேசி பார்க்கிறான். நுனி எரிய எரியத் தள்ள ஆள் வேண்டும் என்பதே இவ்வடுப்பின் தீராக்குறை. அதற்கு இன்னும் பொறியியலில் மருந்தில்லை.

விறகுக்குப் பஞ்சமில்லை. காய்ந்த சீமைக்கருவேலமோ, கவாத்துச் செய்த முந்திரிக் கிளையோ மெல்லியதாகப் பிளந்தால் போதும். அடுப்பைக் கொல்லையில் வையுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் ஆளை முடித்துவிடும். சும்மா கிடக்கிறதே என்று முந்திரிக்கொட்டைத் தோட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் எண்ணெய் பட்ட இடம் புண்ணாகும், புகை கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். பக்கத்து வீட்டார் இவ்வாய்வை ஏற்கமாட்டார்கள்.