பிரேக் போட்டா பின்னால ஓடுற நாற்காலி

வா நைனா, உக்காரு. கையில இருக்கிற ஸ்டியரிங்கைத் திண்ணையில வச்சுட்டு உக்காரு, அது எங்கியும் ஓடிப் போவாது. ஒங்கம்மா சொன்னா, புள்ள ரேஸ்காரன் ஆயிட்டான்னு. ஆவட்டும். நம்ம ஜில்லாவுக்குக் காரு இன்னா புதுசா? மறைமலைநகர்ல ஃபோர்டுகாரன் காரு செஞ்சான். 2022-ல கதவைச் சாத்திட்டுப் போனவன், திரும்பி வரேன்னு சொல்லியிருக்கான். மகேந்திரா சிட்டியாண்ட பி.எம்.டபிள்யூ. அந்தாண்ட ஓரகடத்துல ரெனோவும் நிசானும். இத்தினி நெசக் காருக்கு நடுவுல, ஒரு காரும் இல்லாமலே காரு ஓட்டுற பாரு, அது ஒரு சாமர்த்தியம். டீசல் இல்ல, டயர் தேய்மானம் இல்ல, பரனூர் டோல்கேட்டும் இல்ல.

கிண்டல் பண்றேன்னு மூஞ்சியைத் தூக்காத. ஒரு விசயத்துல நீ கெட்டிக்காரன். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவுல ஈ.சி.ஆர்ல ராத்திரியில வண்டியை முறுக்குறானுங்களே, அவனுங்களுக்கு ஒன்னாட்டம் புத்தி இருந்தா ஆஸ்பத்திரியில பாதி கட்டில் காலியா இருக்கும். வேகம் வேணும்னா ஊட்டுக்குள்ள ஓட்டு, இல்லன்னா கட்டின டிராக்குல ஓட்டு. நடுவுல இருக்கிற ரோடு மீன்கூடை தூக்கிட்டு வர்ற பொம்பளைங்களுக்கு.

சரி, ஓட்டக் கத்துக்கணும்னு வந்துட்ட. லாரி ஓட்டின கெழவனுக்கு கம்ப்யூட்டர் காரைப் பத்தி இன்னா தெரியும்னு யோசிக்கிற. பேரன் ஊட்ல இருந்தா எல்லாக் கெழவனுக்கும் எல்லாம் தெரியும்டா. நீ தூங்கினப்புறம் யாரு ஓட்டிப் பாக்குறாங்கன்னு நெனச்ச?

மொதல்ல ஒன் நாற்காலி. ஆபீஸ் நாற்காலி, அடியில அஞ்சு சக்கரம். வளைவு வருது, பிரேக்கை மிதிக்கிற, திரையில வண்டி நிக்கல, நீ பின்னால போயி பீரோவுல முட்டுற. ஒலகத்துலயே பிரேக் போட்டா ரிவர்ஸ்ல போற ரேஸ்காரன் நீ ஒருத்தன்தான். சக்கரத்தைக் கழட்டு. கழட்ட வரலன்னா ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு பழைய ஷூவுக்குள்ள நிறுத்து. அதுக்கும் சோம்பேறித்தனம்னா மேசைக்காலுக்கும் நாற்காலிக்கும் ஒரு கயித்தைக் கட்டு. சிரிக்காத, ஊரு ஒலகத்துல பெரிய பெரிய ஆளுங்க இப்படித்தான் ஆரம்பிச்சிருக்கானுங்க.

நீ இன்னாடான்னா டைரக்ட் டிரைவ் ஸ்டியரிங் வேணும்னு ஒங்கப்பன் கழுத்தைப் புடிக்கிற. மோட்டார் தண்டுமேலயே ஸ்டியரிங்கை மாட்டியிருப்பான், நடுவுல பல்சக்கரமோ பெல்ட்டோ இல்லாததால ரோட்டுல உள்ள ஒவ்வொரு மேடும் கைக்குத் தெரியும். நல்ல சாமான்தான். ஆனா ஒன் கை இன்னும் மேட்டைப் படிக்கிற வயசுக்கு வரலியே. லாஜிடெக் ஜி29 பழசு ஒண்ணு கெடச்சா போதும். மிச்சக் காசு இருந்தா ஸ்டியரிங்குல போடாத, பிரேக்குல போடு. லோட் செல்னு ஒரு பெடல் இருக்குது. கால் எவ்ளோ தூரம் போச்சுன்னு பாக்காது, எவ்ளோ அழுத்தினன்னு பாக்கும். தூரத்தைவிட அழுத்தத்தைத்தான் காலு ஞாபகம் வச்சுக்கும். இத லாரிக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்வான். அந்தக் கலர் கலரா மின்னுற லைட்டு மட்டும் வேணாம். அது வேகத்தைக் கூட்டாது, கரண்டு பில்லைத்தான் கூட்டும்.

திரையை எதுக்குடா செவுத்தோரம் வச்சிருக்க? ஸ்டியரிங்குக்குப் பின்னாலயே ஒட்டி வை. பார்வைக் கோணம்னு செட்டிங்ல ஒண்ணு இருக்குது. திரையோட அகலத்தையும் கண்ணுக்கும் அதுக்கும் உள்ள தூரத்தையும் வச்சுக் கணக்குப் போடணும். கணக்குப்படி வச்சா கோணம் சுருங்கும், வண்டி மெதுவாப் போற மாதிரி தெரியும். ஒனக்குப் புடிக்காது, எனக்குத் தெரியும். ஆனா வளைவு எத்தினி தூரத்துல இருக்குன்னு அப்பதான் கண்ணு பொய் சொல்லாம சொல்லும்.

மொத நாளே இன்னா வண்டி எடுத்த? ஃபார்முலா ஒன். எந்தத் தடம்? ஜெர்மனிக்காரனோட நூர்பர்க்ரிங், காட்டுக்குள்ள 20 கிலோமீட்டருக்கு மேல. ஒரு சுத்து முடிச்சியா? முடிக்கல. அப்புறம் ஸ்டியரிங் சரியில்லன்னு பொலம்பல்.

நரேன் கார்த்திகேயனைத் தெரியுமில்ல? இந்தியாவுல இருந்து ஃபார்முலா ஒன்னுக்குப் போன மொத ஆளு. அவரு மொத பந்தயம் ஓட்டினது நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கந்தான், இருங்காட்டுக்கோட்டை தடத்துல. 1990-ல தொறந்தது, 3.7 கிலோமீட்டர். அப்ப அது நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லா. அவரு ஓட்டினது ஃபெராரியா? ஃபார்முலா மாருதி. கோயம்புத்தூர்க்காரரு கரிவரதன்னு ஒருத்தர் செஞ்ச வண்டி, உள்ள இருந்தது நம்ம மாருதி 800 எஞ்சின். மார்க்கெட்டுக்குப் போற வண்டியோட எஞ்சின்ல அவரு மொத பந்தயத்துலயே மேடை ஏறிட்டாரு. கோயம்புத்தூர்ல இருக்கிற தடத்துக்குக் கரிவரதன் பேரைத்தான் வச்சிருக்காங்க. நீயும் சின்ன எஞ்சினா எடு. மாஸ்டா எம்.எக்ஸ்-5 நெறைய விளையாட்டுல கெடக்குது. சக்தி கம்மி, அதனால நீ பண்ற தப்பை மூடி மறைக்காது. ஒரே வண்டி, ஒரே தடம். 20 சுத்து ஓட்டு. அத்தினி சுத்துக்கும் நடுவுல வித்தியாசம் அரை செகண்டுக்குள்ள வந்தப்புறம் வேகத்தைப் பத்திப் பேசுவோம்.

வளைவு ஓட்டுறது சூத்திரம் ஒண்ணுமில்ல. வெளிப்பக்கமா வந்து, நேரா இருக்கும்போதே பலமா மிதி. ஸ்டியரிங் திரும்பத் திரும்ப காலைக் கொஞ்சங் கொஞ்சமா எடு. உள்ளோரத்தைத் தொட்டுட்டு வெளியோரத்துக்குப் போ. நீ இன்னா பண்ற, பிரேக்கைத் திடீர்னு உட்டுட்டு ஸ்டியரிங்கை மடார்னு திருப்புற. முன்னால சாஞ்சிருந்த பாரம் பின்னால போயிடுது, முன் டயருக்குப் பிடிப்பு இல்ல, வண்டி நேரா மண்ணுக்குப் போவுது. நெச வண்டியில உடம்பு அதை மொதல்லயே சொல்லிடும். ஊட்டு வண்டியில உக்காந்த எடம் ஒண்ணும் சொல்லாது. ஸ்டியரிங் திடீர்னு லேசானா முன் டயர் வழுக்குதுன்னு அர்த்தம், கீச்சுன்னு சத்தம் வந்தா அளவைத் தாண்டிட்டன்னு அர்த்தம். அதனால காதுல அந்தப் பாட்டை நிறுத்து.

இப்ப ஆன்லைனுக்கு வருவோம். ஐரேசிங்னு அமெரிக்காக்காரன் 2008-ல ஆரம்பிச்சான். அதுல லைசென்ஸ் ரூக்கில ஆரம்பிச்சு டி, சி, பி, ஏ-ன்னு ஏறும். ஆனா நீ எத்தினி பேரை முந்தினன்னு பாத்து ஏத்த மாட்டான். எத்தினி வளைவை வம்பில்லாம தாண்டினன்னு பாப்பான். தடத்தை உட்டு வெளிய போனா 1 புள்ளி, சுத்திட்டா 2, இன்னொருத்தன் வண்டியைப் பலமா இடிச்சா 4. யாரு மேல தப்புன்னு கேக்கவே மாட்டான். இடிச்சவனுக்கும் தண்டம், இடி வாங்கினவனுக்கும் அதே தண்டம். நம்ம ஊரு பஞ்சாயத்து இதைக் கத்துக்கிட்டிருந்தா எத்தினி வாய்தா மிச்சமாயிருக்கும்! அதனால இடிக்க வர்றவனுக்கு எடத்தை உட்டு ஒதுங்கிக்கோ. மொத வளைவுல எட்டுப் பேரு ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறிக் கெடப்பானுங்க. நீ ஒரு மூச்சு முன்னாடியே பிரேக் போட்டு, பின்னால வர்றவனையும் கண்ணாடியில பாத்துக்கிட்டு ஓரமாப் போனா, ஒருத்தனையும் முந்தாமலே எட்டு எடம் ஏறிடுவ.

கேலி பேசாத, ஃபார்முலா ஒன்னுலயே இது நடந்திருக்குது. 2005-ல அமெரிக்காவுல இண்டியானாபொலிஸ் பந்தயம். டயர் தாங்காதுன்னு 14 வண்டி ஒரு சுத்து வலம் வந்துட்டு உள்ள போயிடுச்சு. மிச்சம் ஆறு வண்டி. நரேன் கடைசி வரைக்கும் ஓட்டி நாலாவதா வந்தாரு, 5 புள்ளி. ஆறு பேருல நாலாவதான்னு அன்னிக்கே சிரிச்சானுங்க. சிரிச்சவன் கையில எத்தினி புள்ளி?

ஒன்னோட வியாதி ரீசெட் பட்டன். ரெண்டாவது வளைவுல தப்பாச்சா, பட்டனைத் தட்டு, திரும்ப ஆரம்பி. மாமல்லபுரத்துல உளி புடிக்கிற பசங்களுக்கு அந்தப் பட்டன் இல்ல, சாமிக்கு மூக்கு போனா போனதுதான். அதனால அவன் அடிக்கு அடி யோசிக்கிறான். நீ மூக்கை ஒடச்சு ஒடச்சு வெளையாடுற. பட்டனைத் தொடாத. கெட்டுப்போன சுத்தை முடிச்சுட்டு, ரீப்ளேல உக்காந்து பாரு. அங்க அஞ்சு ரதமும் முழுசா முடியாமத்தான் நிக்குது தாத்தான்னு வாய் பேசுவ. பல்லவன் முடிக்காம உட்டதுக்கு 1984-ல யுனெஸ்கோ பட்டயம் குடுத்துச்சு. நீ முடிக்காம உட்டா டி.என்.எஃப்னு குடுப்பான்.

இன்னொண்ணு, வைஃபை. 2002-லயே சென்னையில இருந்து சிங்கப்பூருக்குக் கடலுக்கடியில கேபிள் போட்டாச்சு. ஒன் சேதி வங்காள விரிகுடாவையே ஒழுங்கா தாண்டிடும், ஒங்க ஊட்டு மாடிப்படியத்தான் தாண்ட மாட்டேங்குது. லேன் ஒயரை இழு. ஐப்பசி கார்த்திகையில யு.பி.எஸ் இல்லாம பந்தயத்துல ஏறாத.

ஊட்ல ஓட்டி நெசப் பந்தயத்துக்குப் போனவங்க இல்லாம இல்ல. ஜான் மார்டன்பரோன்னு பிரிட்டன் பையன், கிரான் டூரிஸ்மோ ஆடி 2011-ல ஜி.டி அகாடமியில ஜெயிச்சான். 2013-ல லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல அவன் இருந்த அணி எல்.எம்.பி2 பிரிவுல மூணாவது. ஆனா ஜெயிச்ச அவனுக்கே ஒரு கார் கம்பெனி பின்னால நின்னு செலவு பண்ணுச்சு. ஒனக்கு நிக்கிறது ஒங்கப்பன், அவன் ஏற்கெனவே டூவீலருக்கு டியூ கட்டுறான்.

அதனால தொரை, இந்த மாசம் புதுசா எதுவும் வாங்காத. எம்.எக்ஸ்-5-ஐ எடு, நாற்காலியைக் கட்டு, ரூக்கியில இருந்து டி-க்கு இடிக்காம ஏறி வந்து காட்டு. வந்தன்னா இருங்காட்டுக்கோட்டையில அடுத்த பந்தயத்துக்கு ரெண்டு டிக்கெட்டு நான் எடுக்குறேன், பஸ் சார்ஜும் என்னுது. பிரியாணிக்கு மட்டும் ஒங்கப்பனைக் கேளு.