யோக்கியர் வருகிறார், செம்பை எடுத்து உள்ளே வையுங்கள்

பின்லாந்தில் ஹாக்கி என்றால் பனிக்கட்டி மேல் ஆடுவதுதான். கோவில்பட்டிக்காரர்கள் மன்னிக்கவும், அங்கே போய்ப் புல்தரையைக் காட்டி இதுதான் ஹாக்கி மைதானம் என்றால், மாடு மேய்க்க வந்த ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாடு. குளிர்காலம் முழுக்க டீக்கடைப் பேச்சு, ஆபீஸ் பேச்சு, மாமனார் வீட்டுப் பேச்சு எல்லாம் ஹாக்கிதான். அந்த நாட்டுத் தலைநகர் ஹெல்சிங்கியில் 1967இல் தொடங்கிய அணி யோக்கெரிட். சட்டையின் நெஞ்சில் குல்லாய் போட்ட கோமாளி முகம். ஆறு முறை நாட்டின் சாம்பியன். எட்மன்டன் அணிக்குப் போய் ஐந்து ஸ்டான்லி கோப்பைகளை வென்ற யாரி குர்ரி இங்கே ஆடித்தான் பெரியவரானார். தேமு செலானேயும் இந்தப் பட்டறைதான்.

2013 ஜூன் 28 அன்று அணியின் முதலாளி ஹாரி ஹார்கிமோ ஊருக்கு ஒரு நற்செய்தி சொன்னார். அடுத்த ஆண்டு முதல் யோக்கெரிட் உள்நாட்டு லீகில் ஆடாது. ரஷ்யாவின் காண்டினென்டல் ஹாக்கி லீகில், அதாவது கே.எச்.எல்.லில் ஆடும். அணி மட்டும் போகவில்லை. அவர் முன்னின்று கட்டிய ஹார்ட்வால் அரங்கமும் விற்பனை. அணியில் 49 சதவீதமும் விற்பனை. வாங்கியவர்கள் கென்னாடி திம்சென்கோ, அர்காடி ரோட்டன்பெர்க், அவர் தம்பி போரிஸ் ரோட்டன்பெர்க்.

இந்த மூவரும் யார் என்று ஹெல்சிங்கியில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரோட்டன்பெர்க் சகோதரர்கள், விளாதிமிர் புதின் இளவயதில் ஜூடோ பழகியபோது கூடவே புரண்டவர்கள். திம்சென்கோ எண்ணெய் வியாபாரத்தில் குபேரனானவர். அப்போது கே.எச்.எல். ஆட்சிக் குழுவுக்கும் அவரே தலைவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்.கே.ஏ. அணிக்கும் அவரே தலைவர். லீகும் அவர், எதிரணியும் அவர், இனி ஆடும் அரங்கமும் அவர். ரசிகனை மட்டும் காசு கொடுத்து வாங்கவில்லை. அவன் இலவச இணைப்பு.

ஹார்கிமோவைச் சாதாரண ஆள் என்று எண்ணிவிடக் கூடாது. 1980களில் பாய்மரப் படகில் தனி ஆளாக உலகைச் சுற்றிப் பந்தயம் ஓடியவர். ஆகவே ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்று அவரைச் சொல்ல நமக்கு வழியில்லை. 'நீ வேலையில் இல்லை' என்று சொல்லி டிரம்ப் ஆட்களைத் தூக்கிய 'தி அப்ரென்டிஸ்' நிகழ்ச்சியின் பின்லாந்துப் பதிப்பையும் தொலைக்காட்சியில் நடத்தியவர். அந்த 2013 கோடையில் அவர் வேலையை விட்டுத் தூக்கியது ஓர் உள்நாட்டு லீகை.

சொன்ன காரணங்களும் கேட்க இனிமைதான். ஆட்டத்தின் தரம் உயரும், நம் பிள்ளைகளுக்குப் பெரிய மேடை, ஐரோப்பாவின் உச்ச லீக். பணம் என்ற சொல் மட்டும் கடைசியில், கூச்சத்தோடு, வெற்றிலைப் பாக்கு மாதிரி தட்டில் வந்தது. பணக்கார வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன், மாமனாரின் நூலகத்துக்காகப் போகிறேன் என்று சொல்வானே, அந்தப் பவ்யம். நாட்டின் ஹாக்கி சங்கம் பச்சைக்கொடி காட்டியது. லீகும் தன் பங்குக்கு ஒரு கூத்து நடத்தியது. கீழ் அடுக்கிலிருந்து அணிகள் மேலே வரும் கதவைச் சாத்தி வைத்திருந்த அந்த லீக், பெரியவர் கிளம்பியதும் அவசரமாகத் தாழ்ப்பாளைத் திறந்து வாசா நகரத்து ஸ்போர்ட் அணியை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. திறமை இருந்தும் வெளியே நின்ற அணிக்கு, பணம் இருந்தவன் எழுந்து போனால்தான் இடம்.

இதுவரை வியாபாரம் என்றே வைத்துக்கொள்வோம். 2014 வசந்தத்துக்கு வருவோம். எனக்குக் கோபம் அங்கேதான்.

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை விழுங்கியது. மார்ச் 20 அன்று அமெரிக்கா ஒரு தடைப் பட்டியல் வெளியிட்டது. திம்சென்கோ, அர்காடி, போரிஸ், மூன்று பேரும் அதில் இருந்தார்கள். அரங்கத்தின் உரிமையாளர் குழு மொத்தமாக ஒரே நாளில் ஒரே தாளில். யோக்கெரிட் இன்னும் கே.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கையெழுத்துப் போட்டாயிற்று என்று சொல்லலாம். ஒப்பந்தங்களை முறிப்பது எப்படி என்று அறியாத அப்பாவிகளா இவர்கள்? உள்நாட்டு லீகோடு இருந்த உறவை முறிக்கத் தெரிந்ததே.

அதே ஆண்டு மே மாதம். உக்ரைனின் தொனெட்ஸ்க் நகரில் தொன்பாஸ் என்றொரு அணி இருந்தது. அதுவும் கே.எச்.எல். அணிதான். ஊரில் கலவரம் என்று அந்த ஆண்டு ப்ளேஆஃப் ஆட்டங்களையே பிராட்டிஸ்லாவாவுக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. மே கடைசியில் அதன் துருஷ்பா அரங்கத்தில் புகுந்து சூறையாடித் தீ வைத்தார்கள். அடுத்த பருவத்தில் தொன்பாஸ் லீகில் இல்லை. அதே பருவத்தில், 2014 செப்டம்பரில், ஹெல்சிங்கியின் கோமாளிச் சட்டை லீகில் நுழைந்தது. ஓர் அணி அரங்கம் எரிந்து வெளியே போகிறது, இன்னோர் அணி அரங்கத்தை விற்று உள்ளே வருகிறது. வாசலில் எதிரும் புதிருமாகத் தோள் உரசியிருக்கும். வந்த அணி திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்ற பல்லவி அந்தக் காலத்தில் வடக்கு ஐரோப்பா முழுக்க ஒலித்தது. எங்கேயும் இதை உரக்கச் சொல்பவரின் கையைப் பாருங்கள், கரண்டி இருக்கும்; ஏற்கெனவே கலக்கி முடித்தவர் அவர். அதிபரின் ஜூடோத் தோழர்கள் பக்கத்து நாட்டுத் தலைநகரின் பெரிய அரங்கத்தை வாங்குவது விளையாட்டாம். அதைக் கேள்வி கேட்பது அரசியலாம். ஹார்கிமோ 2015 தேர்தலில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். அரசியலும் விளையாட்டும் தனித்தனிதான், ஒருவரே இரண்டிலும் இருந்தால் குழப்பமில்லை போலும்.

ரசிகனுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கலாம். அதுவரை அவனுடைய பரம எதிரி ஐ.எஃப்.கே., அதே ஊர் அணி. அவர்கள் அரங்கத்துக்கு ஹார்ட்வாலிலிருந்து நடந்தே போய்விடலாம். தோற்றால் மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரன் சிரிப்பான். ஜெயித்தால் இவன் சிரிப்பான். ஊர் ஹாக்கி என்பதே இந்தச் சிரிப்புதான். கே.எச்.எல். அதைப் பிடுங்கிக்கொண்டு விளாதிவஸ்தோக்கைக் கொடுத்தது. பசிபிக் கடற்கரை ஊர். அங்கே போய்த் தன் அணிக்குக் கைதட்ட அவனுக்கு விசா வேண்டும், விமான டிக்கெட் வேண்டும், ஒரு வாரம் லீவு வேண்டும். அங்கே தோற்றாலும் கேலி செய்ய ஆளில்லை. பக்கத்து மேஜைக்காரன் ஐ.எஃப்.கே. ஆட்டத்துக்குப் போய்விட்டான்.

எட்டுப் பருவங்கள். கே.எச்.எல். சாம்பியனுக்குக் கொடுக்கும் ககாரின் கோப்பை ஒரு முறைகூட வரவில்லை. பின்னாளில் நோரில்ஸ்க் நிக்கல் நிறுவனம் அணியில் பங்குதாரரானது. 2020இல் சைபீரியாவில் அந்த நிறுவனத்தின் தொட்டியிலிருந்து சுமார் 20,000 டன் டீசல் கசிந்து ஆறு சிவந்தது. சுத்தமான பனியில் சறுக்கும் விளையாட்டுக்குப் பொருத்தமான புரவலர்.

கேலிக்கூத்தின் உச்சம் 2017 டிசம்பர். பின்லாந்து விடுதலை பெற்று நூறு ஆண்டு. யாரிடமிருந்து விடுதலை? ரஷ்யாவிடமிருந்து. அந்த விழா வாரத்தில், ஹெல்சிங்கியின் நடுவில் கைசனியெமி பூங்காவில் திறந்த வெளியில் பனித்தளம் போட்டு, யோக்கெரிட் ஓர் ஆட்டம் நடத்தியது. விருந்தினர் யார் தெரியுமா? செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எஸ்.கே.ஏ. பதினேழாயிரத்துக்கும் மேல் கூட்டம். அங்கதம் எழுதுகிறவன் கற்பனை செய்து எழுதியிருந்தால், கொஞ்சம் மிகை, வெட்டுங்கள் என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

வங்கிகளைப் பாராட்டிச் சொல்லும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி வருவதில்லை, வந்ததை விடுவானேன். பின்லாந்துக் குடியுரிமையும் வைத்திருக்கும் போரிஸ் ரோட்டன்பெர்க், தன் பணத்தைக் கையாள மறுத்த நார்டிக் வங்கிகள் மீது ஹெல்சிங்கி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2020 ஜனவரியில் வழக்குத் தள்ளுபடி. யோக்கியர் வருகிறார் என்றதும் செம்பை எடுத்து உள்ளே வைத்தது அந்த ஊரில் வங்கிக் கவுண்டர்தான். அதே ஆள் அரங்கத்தை வாங்க வந்தபோது விளையாட்டு உலகம் செம்பில் தண்ணீர் கொடுத்துக் கால் கழுவிவிட்டிருந்தது. அண்ணன் அர்காடியின் நிறுவனம் இதற்குள் கிரிமியாவுக்குப் பாலமே கட்டி முடித்துவிட்டது; 2018இல் புதின் லாரி ஓட்டித் திறந்து வைத்தார்.

ஒரு முறை, ஒரே ஒரு முறை, அணிக்கு ரோஷம் வந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2020 ஆகஸ்டில் பெலாரூஸில் லுகஷென்கோவின் தேர்தலை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அடுத்த மாதம் பருவத்தின் முதல் ஆட்டம் மின்ஸ்க்கில். பின்லாந்தில் எதிர்ப்புக் கிளம்பியது, யோக்கெரிட் போகவில்லை. லீக் அதைத் தோல்வி என்று எழுதிக்கொண்டது. அந்த எட்டு ஆண்டில் அணி தலை நிமிர்ந்து தோற்ற ஆட்டம் அது. ஆடாமலே.

2022 பிப்ரவரி 24இல் கீவ் மேல் ஏவுகணைகள் விழுந்தன. மறுநாள் யோக்கெரிட் ப்ளேஆஃப்பிலிருந்து விலகியது. உடனே மனசாட்சி, துணிவு என்று பாராட்டுமழை. கிரிமியா போனபோது அந்த மனசாட்சி எங்கே வார்ம்-அப் செய்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்கவில்லை. தொன்பாஸ் அரங்கம் எரிந்தபோது? பெரும்பாலோர் ஒரு வீடு எரியும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, தெருவே எரியும்போது வாளி தூக்கி வருவார்கள். இவர்கள் வாளியோடு வந்ததற்குப் பொன்னாடை கேட்டார்கள்.

பில் அதன் பிறகு வந்தது. திம்சென்கோ, போரிஸ் ரோட்டன்பெர்க் பெயர்கள் ஐரோப்பியத் தடைப் பட்டியலிலும் ஏறின. அரங்கத்தில் நிகழ்ச்சி நடத்த ஆளில்லை. பானக் கம்பெனி ஹார்ட்வால் தன் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனது. 1997இல் உலக சாம்பியன்ஷிப்புக்காகக் கட்டிய, சுமார் 13,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம், 2022 உலக சாம்பியன்ஷிப் வந்தபோது பூட்டிக் கிடந்தது. ஹெல்சிங்கி ஆட்டங்களை 1966இல் கட்டிய பழைய அரங்கத்தில் நடத்தினார்கள். ஐ.எஃப்.கே.யின் வீடு! ஓடிப்போன மாப்பிள்ளையின் மாளிகைக்குச் சீல். ஊரோடு இருந்த பங்காளியின் பழைய வீட்டில் உலகத்துக்கே பந்தி. பின்லாந்து அந்த ஆண்டு தங்கமும் வென்றது. மூன்று ஆண்டு இருட்டில் கிடந்த அரங்கம் கைமாறி 2025இல் மீண்டும் திறந்தபோது, வாசலில் அரசுச் சூதாட்ட நிறுவனமான வெய்க்கவுஸின் பெயர். இந்தக் கதையில் யாரும் சின்னங்களைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

யோக்கெரிட்டுக்கு உள்நாட்டு லீகில் பழைய நாற்காலி காத்திருக்கவில்லை. ஓராண்டு எங்கேயும் ஆடாமல் கிடந்துவிட்டு, 2023இல் வான்டா ஊர் அணியின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் அடுக்கான மெஸ்டிஸில் இறங்கியது. அங்கேயும் டிக்கெட் வாங்கியவன் அதே ரசிகன். 2013இல் அவனைக் கேட்கவில்லை, 2023இலும் கேட்கவில்லை. இரண்டு முறையும் காசு மட்டும் வாங்கினார்கள்.

ஹார்கிமோ 2024இல் பின்லாந்தின் அதிபர் தேர்தலில் நின்றார். 0.5 சதவீத வாக்குகள் விழுந்தன.