ஆகாய கங்கைக்கு எந்தப் பை?

கேள்வி: கொல்லிமலைக்குப் படமெடுக்கப் போகிறேன். கேமரா, 2 லென்ஸ், முக்காலி எல்லாம் உண்டு. எப்படிப்பட்ட முதுகுப்பை வாங்கலாம்?
- வாசகர், சேலம்

பதில்: 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டி ஏறிவிடும். ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் 1,000-க்கும் மேற்பட்ட படிகள்தான் உங்கள் முழங்காலின் பொறுப்பு. அதனால் கடையில் முதலில் இடுப்புப் பட்டையைப் பாருங்கள். அகலமாக, மெத்தென்று, இடுப்பெலும்பின் மேல் அது உட்கார வேண்டும். இறுக்கியதும் தோள் லேசாகவில்லையா? பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உங்கள் சாமான்களையே கொண்டுபோய் நிரப்பி, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!

முதுகுப் பக்கம் திறக்கும் ஜிப் நல்லது. பையை ஈரப் பாறையில் கிடத்தித் திறந்தாலும் முதுகில் படும் பக்கம் நனையாது. தோளில் இருக்கும்போது குரங்குக்கும் ஜிப் எட்டாது. பக்கவாட்டில் ஒரு சிறு திறப்பும் இருந்தால், வல்வில் ஓரி தூணியிலிருந்து அம்பை உருவுவதுபோல் கேமராவை உருவலாம். அது அவர் ஆண்ட மலையாயிற்றே!

மழை உறை கட்டாயம். வெயில் நாளிலும் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவியின் சாரல் விடாது. முக்காலியைப் பையின் நடுவில் கட்டுங்கள். ஓரத்தில் தொங்கினால் படியில் உடம்பு ஒருபக்கமாக இழுக்கும்.