பழைய வண்டித் திணை: ஓர் இலக்கண ஆய்வு

மாட்டுக்குச் சுழி பார்க்கத் தெரிந்த நம் இனம், பழைய பைக்கின் முன்னால் சேஸிஸ் நம்பர் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நிற்கிறது. அக்குறை நீக்கும்பொருட்டுத் தொல்காப்பியம் காட்டிய முதல், கரு, உரி என்னும் முப்பொருள் வழிநின்று இவ்வாய்வு நிகழ்த்தப்பெறுகிறது. ஆய்வெல்லை தென்காசியும் குற்றாலமும். ஆய்வுக்குட்பட்ட வண்டி ஒன்று, அதுவும் ஆய்வாளர் கைக்காசு. எந்தப் பல்கலைக்கழகமும் நிதி நல்கவில்லை.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், டிஎன் 76. மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-இல். நம்பர் பலகை அதற்கு மூத்தது. புலியரைக்கு அப்பாலிருந்து கேஎல் வண்டி மலிவாக வந்தால், தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, வரி மூன்றையும் கூட்டிய பிறகே அதை மலிவு எனல் வேண்டும். பொழுது, ஆனியும் ஆடியும். குளிக்க வந்தவருக்குச் சாரல் இன்பம், சைலன்சருக்குத் துரு. ஐப்பசியில் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தாலும், சீட்டைத் தூக்கினால் ஆடி மாதம் தெரியும்.

கருப்பொருள்கள்: ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், இரண்டாம் சாவி (பாடல்களில் மட்டும் காணப்படுவது), தரகர்.

"அண்ணாச்சி, வாத்தியாரு ஓட்டுன வண்டி. நாப்பதத் தாண்டுனதே கெடையாது."

களப்பணியில் கண்ட எல்லா வண்டியையும் ஒரு வாத்தியாரோ டாக்டரோதான் ஓட்டியிருந்தார். வேகமாக ஓட்டுகிறவர்கள் வண்டியை விற்பதே இல்லை என்று கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. தரகர் சமதரையில்தான் ஓட்டிக் காட்டுவார். பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு புலியரை எஸ் வளைவில் ஏறச் சொன்னால் வண்டி உண்மை பேசும். ஆர்.சி.யில் பழைய கடன் நின்றால் பைனான்ஸின் என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவருக்கு 30 நாள் கெடு. பதினைந்து வயதைத் தொடும் வண்டியென்றால் மறுபதிவும் பசுமை வரியும் பட்ஜெட்டில் ஏறும்.

இனி உரிப்பொருள். வாங்கும் அன்று குறிஞ்சி, அதாவது புணர்தல். இரண்டாம் மாதத்திலிருந்து நெய்தல், அதாவது இரங்கல். தென்காசியில் கடல் ஏது என்று வினவுவார்க்கு, இது திணை மயக்கம் என்பது விடை.

மயக்கம் புகுந்த இடமும் கண்டறியப்பட்டது. மாட்டுத்தாவணி வழக்கப்படி துண்டுக்குள் விரல் பிடித்து, 63,500-ஐ 63,000 ஆக்க எனக்கு ஒன்றரை மணி நேரமும் இரண்டு டீயும் ஆயின. கையில் 15,000 இருந்தது. மீதி 48,000-க்கு ஒரு பைனான்ஸுக்குப் போனோம். "நூத்துக்கு ஒரு ரூவாதான் வட்டி, இருபத்திநாலு மாசம்" என்றார் அங்கிருந்தவர். ஒரு ரூபாய்தானே! ஒன்றரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு ரூபாயின் இலக்கணம் இது: மாதம் 2,000 அசல், 480 வட்டி, ஆகத் தவணை 2,480. கடைசி மாதம் பாக்கி நிற்கும் அசல் 2,000 மட்டுமே. வட்டியோ முழு 48,000-க்கும் உரிய அதே 480. மொத்த வட்டி 11,520. குறையும் அசலுக்குத்தான் வட்டி என்று வங்கி போடும் முறையில் கணக்கிட்டால், பன்னிரண்டு என்று நான் நினைத்த விழுக்காடு ஏறத்தாழ இருபத்தொன்றரை. 500 ரூபாய்க்கு ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டிய அதே துண்டு அப்போது என் தோளில்தான் கிடந்தது.

ஆகவே அடுத்து வண்டி வாங்கப் போகிறவர்கள், தரகரோடு பேரம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ளாமல், பைனான்ஸ் மேசையிலும் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டுகிறேன். எனக்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி.