மட்கார்டு உரசல்: கரிசல் வட்டார உராய்வியலுக்கு ஒரு முன்னுரை

உராய்வை ஆராயச் சிவகாசியைவிடத் தகுந்த ஊர் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். இரண்டும் உரசினால்தான் ஊருக்குச் சோறு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்தது இந்த உரசலைத்தான். அதே குளோரேட் பட்டாசில் கந்தகத்தோடு சேர்ந்தால் சிறு உரசலும் உயிரை வாங்கும் என்பதால் அக்கலவை 1992-இல் தடை செய்யப்பட்டது. ஆக நல்ல உரசல், கெட்ட உரசல் என்ற பாகுபாடு இங்கே முன்பே உண்டு. அறிஞர்கள் கவனிக்காமல் விட்டது வீண் உரசல் என்னும் மூன்றாம் வகையை. பெரிய டயர் மாட்டிய வண்டி மட்கார்டில் எழுப்பும் 'சர்ர்' ஓசையே அது. தொல்காப்பியரும் இதுபற்றி மௌனம் சாதிக்கிறார்.

ஆய்வுப் பொருள், பொலிரோ. கம்பெனி டயர் 215/75 ஆர்15, விட்டம் 703.5 மி.மீ. ஆசைப்படுவது 235/75 ஆர்15, விட்டம் 733.5 மி.மீ. முப்பது மில்லிமீட்டர் கூடினாலும் வண்டி உயர்வது பதினைந்துதான். அகலத்தில் பக்கத்துக்குப் பத்து. மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 62.5-இல் போகும், இதை உரிமையாளர்கள் இலவச இணைப்பாகக் கருதுகின்றனர்.

நேராக ஓடும்போது உரசாது. ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும்போது உரசவே உரசாது. அதனால்தான் பணம் கைமாறுகிறது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுக்கையிலும், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறுகையிலும்தான் உண்மை வெளிப்படும்.

தீர்வு சொல்வோர் மூன்று மரபினர். உயர்த்துவோர் ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தூக்குவர். நிற்கும்போது இடைவெளி அழகாகத் தெரியும்; ஆனால் சக்கரம் மேலேறுவதைத் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்து நீட்டாவிட்டால் பள்ளத்தில் சக்கரம் பழைய உயரத்துக்கே ஏறிவந்து உரசும். தள்ளுவோர் ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுவர். உள்ளே சேசிஸில் உரசியது நிற்கும், வெளியே மட்கார்டு விளிம்பில் உரசத் தொடங்கும். வெட்டுவோரே நேர்மையானவர்கள்: உரசுகிற பிளாஸ்டிக் லைனரை அறுத்துவிடுவர். இவர்களுக்கு அப்பால் ஸ்டியரிங் ஸ்டாப்பர் போல்ட்டைக் கூட்டி வைக்கும் ஒரு சிறு பிரிவும் உண்டு. உரசல் போய்விடும், திருத்தங்கல் சந்துக்குள் வண்டியும் திரும்பாது.

"அண்ணாச்சி, ஓட்ட ஓட்ட அதுவே இடம் பண்ணிக்கிடும்" என்பது மெக்கானிக்குகளின் வாய்மொழிக் கோட்பாடு. டயர் தானே தேய்ந்து இடம் பண்ணிக்கொள்கிறது என்ற அளவில் இது மறுக்க முடியாத உண்மை.

அளவீட்டுக் கருவி உள்ளூரிலேயே அச்சாகிறது. தினசரி காலண்டர் அட்டையை டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நுழைத்து, ஸ்டியரிங்கை மெல்ல ஒடிக்க வேண்டும். அட்டையிலுள்ள முருகன் சிராய்ப்பில்லாமல் வெளியே வந்தால் இடைவெளி உண்டு. பழைய வருஷத்து அட்டையே உத்தமம். புதியதை எடுத்தால் வீட்டில் வேறு ஆய்வு தொடங்கிவிடும். டயர் தோளில் சாக்பீஸ் தடவி ஓட்டினால் வெள்ளை எங்கே ஒட்டுகிறதோ அங்கே உரசல்.

ஆனால் அட்டை ஏமாற்றும் மாதம் ஒன்று உண்டு, ஐப்பசி. மழை விழுந்த கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் அடைந்து, வெயில் பட்டதும் இறுகிவிடும். கோடையில் விரல்கடை இடைவெளி இருந்த வண்டி அப்போது தானே சேறு அரைக்கும். மேல்நாட்டுக் கணக்குகளில் கரிசல் வராது. இங்கே இரண்டு விரல்கடை வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சட்டமும் உரசும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி ஆர்.சி.யிலுள்ள விவரங்கள் கம்பெனி குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே டயருக்குப் பணம் எண்ணுமுன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். பிறகு முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டச் சொல்லி, ஆள் நிறைய ஏற்றி, முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுங்கள். 'சர்ர்' கேட்டால் பழைய டயரையே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.