ஸ்லோ ஸ்பீடு வித்வான்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறக்கும் கிருகஸ்தனை, "சார், ஒரே நிமிஷம், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சுப் புடிங்க" என்று கையைப் பற்றி அழைத்துச் சென்று, கோலத்தின் மேல் ஆயிலைச் சொட்டிக்கொண்டு நிற்கும் தம் அம்பாஸிடரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்த்திவிட்டு, தாம் இடுப்புவரை பானட்டுக்குள் மறைந்துவிடும் மகானுபாவரை நீங்களும் அறிவீர்கள். உத்தியோகத்தில் இருந்தவரை ரேடியேட்டர் மூடியைக்கூடத் தொட்டறியாத இவர், பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் அட்டை கிழிந்த மானுவல் ஒன்று அகப்பட்ட நாள் தொட்டு, இனித் தம் வண்டியின்மேல் அந்நியன் கை படலாகாது என்று சங்கற்பம் செய்துகொண்டவர்.

இவர்களுடைய பொதுக் குணங்களை விஸ்தரிக்க வேண்டியதில்லை. அண்டை வீட்டுக் காபி டபராவை இரவல் வாங்கி அதில் பெட்ரோலை ஊற்றிக் கார்புரேட்டர் ஜெட்டுகளை ஊறப்போடுவதும், புதுப்பேட்டைக்கு ஒரு ரோட்டார் வாங்கப் போய் மூன்று பழைய டைனமோக்களோடு திரும்புவதும், மாரிஸ் ஆக்ஸ்போர்டு வம்சத்தில் உதித்து வங்காளத்து உத்தரபாராவில் வளர்ந்த தம் வாகனத்தின் குலப்பெருமையைப் பேசி, 2014-இல் உற்பத்தி நின்றுபோனதைச் சொந்த வீட்டுத் துக்கம் போலச் சொல்லிக் கண் கலங்குவதும் இந்த வர்க்கத்தார் அனைவருக்கும் பொது. எங்கள் தெருக்காரருக்கோ (வர்க்கத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் உத்தேசம்; பேனா அவரிடமே போய் நிற்கிறது) வாய்த்த பிரத்தியேக சித்தி அவருடைய காது.

தம்பூராவின் பிருடையை மயிரிழை திருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் வித்வானைப் போல, இவர் ஸ்லோ ஸ்பீடு ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருகிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு முழ நீள ஸ்குரூ டிரைவர் ஒன்றின் நுனியை டேப்பட் மூடியின்மேல் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, உலகத்திலிருந்து விடைபெற்றுக்கொள்வார். ஐந்து நிமிஷம் கழித்து முகத்தில் ஒரு சோகம் படரும்.

"கேட்டீங்களா சார்? மிஸ்ஸிங்."

முதல் வருஷம், சத்தியத்தில் பற்றுடையவனாகையால், "இல்லை சார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லிவந்தேன். அதன் பலன், ஓடுகிற என்ஜினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டுவார். பிடுங்கியதும் சத்தம் தணிந்தால் அந்தச் சிலிண்டர் உயிரோடிருக்கிறது, தணியாவிட்டால் அது ஏற்கெனவே செத்த சிலிண்டர் என்று அர்த்தமாம். இடையிடையே ஷாக் அடித்து "முருகா!" என்று துள்ளினாலும் பாடம் நிற்காது, அரைமணி நேரமாகும், அதற்குள் காபி ஆறிப்போகும். இரண்டாம் வருஷம் புத்தி வந்து, "ஆமாம் சார், கேட்கிறது" என்று சொல்லத் தொடங்கினேன். அது முந்தையதைவிடப் பெரிய விபரீதமாயிற்று, ஏனெனில் உடனே என் தோளைப் பற்றி, "எதுல? மூணுலயா, நாலுலயா?" என்று கேட்டார். மூன்று என்றால் டிஸ்டிரிபியூட்டர் மூடி கழன்றது; நாலு என்றால் பிளக்கெல்லாம் கழன்று வந்தன. கடைசியில் நான் கண்டுபிடித்த மத்தியஸ்தமான வாக்கியம், "முன்னைக்கு இப்போ தேவலை சார்" என்பது. அதைக் கேட்டால் மட்டும் பெருமூச்சோடு பானட்டை மூடுவார். மறுநாள் காலையில் மறுபடி திறப்பார்.

டேப்பட் செட்டிங் நாட்களில் எனக்கு வேறு உத்தியோகம். எட்டு வால்வுகளில் எது முழுவதும் அமுங்கி நிற்கிறதோ, அதன் எண்ணோடு கூட்டினால் ஒன்பது வருகிற வால்வுக்குத்தான் இடைவெளி வைக்க வேண்டும் என்பது சாஸ்திரம். அவர் என்ஜினைக் கையால் சுற்ற, நான் நின்றுகொண்டு "ஆறு அமுங்கிடுச்சு" என்று கூவினால், அவர் மூன்றைத் திருகுவார். என் தம்பி மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது அவர் முகூர்த்தத்தைப் பார்க்கவில்லை, ஃபீலர் கேஜால் அட்டையின் கனத்தை அளந்து, "15 தௌ! பாயிண்ட் கேப்புக்கு அப்படியே செட்டாயிடும் சார்" என்று பரவசப்பட்டு, ஓரத்தைக் கத்தரித்து டாஷ்போர்டில் பத்திரப்படுத்திக்கொண்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. அன்று கிளட்ச் இறங்கியிருந்தது.

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். ஒன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஆறு வருஷங்களில் அந்த வண்டி தெருமுனையைத் தாண்டியதை நான் பார்த்தது நாலு தடவை. அவர் வீட்டு அம்மாள் கோயிலுக்குப் போவது ஆட்டோவில். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது பஸ்ஸில். சென்ற ஐப்பசி மழையில், இரவு பதினொரு மணிக்கு என் மனைவிக்கு மூச்சு முட்டியபோது, வாசலில் கார் வைத்திருக்கிற மனிதர் என்ற நம்பிக்கையில் அவர் கதவைத்தான் ஓடிப்போய்த் தட்டினேன். கூடத்தில், பழைய செய்தித்தாளின் மேல், நாலு பெரிய குழிகளோடு அந்த வண்டியின் ஹெட் படுத்திருந்தது. எனக்கு வந்த கோபத்தை இப்போதும் நான் வாபஸ் பெறவில்லை.

அவர் ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த எண்ணெயைக்கூடத் துடைக்காமல், முழங்கால் தண்ணீரில் மெயின் ரோடு வரை ஓடி, யாரையோ கெஞ்சி ஓர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, டிரைவர் பக்கத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டே ஆஸ்பத்திரி வரை கூட வந்தார். மனைவிக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். கரண்ட் போய் ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு விடியும்வரை வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, வெகு நேரம் கழித்து, தயங்கித் தயங்கி என் பக்கம் சாய்ந்தார்.

"சார், அந்த ஜெனரேட்டர்... ஒரு மிஸ்ஸிங் இருக்கு. கேட்டீங்களா?"

கேட்டது. சத்தியமாகக் கேட்டது. எதில் என்று அடுத்தாற்போல் கேட்பாரே என்று பயந்து, "தேவலை சார்" என்றேன்.