முழங்கால் மடங்கு கோணமும் வார்டு அந்தஸ்தும்: ஓர் ஆய்வு

மூட்டு மாற்று வார்டில் யாரும் யாருடைய உத்தியோகத்தையும் விசாரிப்பதில்லை. "உங்களுக்கு எத்தனை டிகிரி மடங்குது?" என்பதே முதல் கேள்வி. அங்கே மனித அந்தஸ்தின் அலகு டிகிரிதான் என்று நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

வரலாற்றை விரைவாகக் கடந்துவிடலாம். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் உலோகத்தையும் பாலிஎதிலீனையும் சேர்த்து இடுப்பு மூட்டு செய்தார். பின்னர் முழங்காலும் அந்த உலோக-பிளாஸ்டிக் வழிக்கே வந்தது. 2017-ல் இந்திய அரசு செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. கோணத்துக்கு விதிக்கவில்லை. சிக்கல் அங்கேதான்.

சமதரையில் நடக்க எழுபது டிகிரி அளவு போதும். நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழத் தொண்ணூறுக்கு மேல் வேண்டும். ஆகவே தொண்ணூறு என்பது வார்டின் பாஸ் மார்க். தினமும் பிசியோ, கோணம் அளக்கும் கோனியோமீட்டரோடு வந்து, "வலிக்காதும்மா" என்று சொல்லிவிட்டு மடக்குவார். (இவ்வாக்கியத்தின் மெய்ம்மை தனி ஆய்வுக்குரியது.)

ஆயினும் ஒரே முட்டிக்கு ஒரே நாளில் பல கோணங்கள் உண்டு. காலையில் பிசியோ 78 என்று குறித்தார் எனக் கொள்வோம். அதையே நோயாளி தங்கைக்குப் போனில் சொல்லும்போது 85 ஆகும். மாலையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகச் சம்பந்தி வீட்டார் வந்து நிற்கையில் தொண்ணூறைத் தொட்டுவிடும். இந்த 12 டிகிரி எந்தத் தசையில் ஊறுகிறது என்று எலும்பியல் விளக்கவில்லை. "அப்ப நாளைக்கு வீட்டுக்குப் போயிரலாமா அத்தை?" என்று மருமகள் கேட்டதும் அதே முட்டி அறுபதுக்கு இறங்குவதும் கவனிக்கத்தக்கது.

பார்க்க வருவோர் ஒவ்வொருவருக்கும் நூற்றிருபது மடக்கிய ஓர் உறவினர் உண்டு. அவர் எப்போதும் வெளியூரில்தான் இருப்பார்.

மடக்குவதற்குள்ள மரியாதை நீட்டுவதற்கு இல்லாதது பெரும் அநீதி. கால் முழுதாக நீள்வதும் அவ்வளவே முக்கியம். முட்டிக்கடியில் பாசத்தோடு செருகப்படும் தலையணையை நர்ஸ் உருவி எறிவது அதற்காகத்தான். ஆனால் அங்கே எட்டவேண்டிய இலக்கு பூஜ்யம். பூஜ்யம் எடுத்ததாக யார் போனில் சொல்வார்கள்?

சம்மணம் வேண்டாம், தரையில் உட்காரவேண்டாம் என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்லியனுப்புகிறார்கள். "பந்தியில எப்படி உக்கார்றது?" என்று கலங்குபவர், கடைசியாக எப்போது தரைப்பந்தியில் சாப்பிட்டோம் என்று யோசித்து அமைதியடைகிறார். பூஜையறை வாதம் மட்டும் இன்னும் தீரவில்லை.

எஞ்சியிருப்பது மாடிப்படிப் பிரச்சினை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் என்பது பிசியோக்களின் ஒருமித்த விதி. இரண்டு முட்டியையும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்ட மூன்றாம் கட்டில்காரர், "இதுல எதும்மா நல்ல கால்?" என்று கேட்டுவிட்டு வாக்கரைப் பிடித்தபடி முதற்படியில் நிற்கிறார்.